வாசகர் கேள்வி – பதில்: தங்கத் தரமும் மின்கட்டண ரசீதும்

கேள்வி: என் மகள் விண்ணப்பித்திருக்கும் அமெரிக்கப் பல்கலைக்கழகம், சுற்றுச்சூழல் பேணுவதில் 'ஸ்டார்ஸ் கோல்டு' தரம் பெற்றதாக அறிவித்துள்ளது. இதை எவ்வளவு தூரம் நம்பலாம்?
– வாசகர், கோயம்புத்தூர்

பதில்: உயர்கல்வி நிறுவனங்களுக்கான 'ஏஷி' என்ற அமெரிக்கச் சங்கம் 2010 முதல் நடத்திவரும் மதிப்பீடு அது. மின்சாரம், தண்ணீர், குப்பை, உணவுக்கூடக் கொள்முதல், பாடத்திட்டம் ஆகியவற்றின் விவரங்களைப் பல்கலைக்கழகமே திரட்டித் தருகிறது. 65 புள்ளிகள் எடுத்தால் தங்கம், 85 எடுத்தால் பிளாட்டினம். தனக்குத் தானே மதிப்பெண் போட்டுக்கொள்வதுபோலத் தோன்றினாலும், முழு அறிக்கையும் இணையத்தில் பொதுப்பார்வைக்கு வைக்கப்படுவதால் எவரும் அதைத் துருவிப் பார்க்கலாம் என்பதே இதன் பலம். தரத்தைவிட, கணக்கில் எது சேர்ந்தது, எது விடுபட்டது என்பதைப் பாருங்கள். வெர்மான்ட் மாநிலத்தின் மிடில்பரி கல்லூரி 2016-இல் கார்பன் சமநிலையை (வெளியிடும் கார்பனும் ஈடுசெய்யும் கார்பனும் சமமாகும் நிலையை) எட்டியதாக அறிவித்தபோது, மரச்சில்லுகளை எரிக்கும் கொதிகலனோடு, கல்லூரிக்குச் சொந்தமான காடு உறிஞ்சும் கார்பனும் வரவில் வைக்கப்பட்டது. அந்தக் காடு முன்பே இருந்ததுதானே என்று கேட்க முடிந்ததற்குக் காரணம், கணக்கு வெளியில் இருந்ததுதான்.

கேள்வி: நம் ஊர்க் கல்லூரிகளும் 'பசுமை வளாகம்' என்று பலகை வைக்கின்றனவே, அதற்கும் இப்படிக் கணக்கு உண்டா?
– கல்லூரி மாணவி, திருச்சி

பதில்: உயர்கல்வி நிறுவனங்களுக்குத் தரச்சான்று வழங்கும் தேசிய அமைப்பான 'நாக்'கின் மதிப்பீட்டுக்காகக் கல்லூரிகள் தயாரிக்கும் தன்னாய்வு அறிக்கையில் உண்டு, அதைக் கல்லூரியின் இணையதளத்தில் தேடிப் பாருங்கள். நாக் பின்பற்றிவந்த 7 அளவுகோல்களில் கடைசியானது, சூரிய மின்தகடு, சாண எரிவாயு, எல்.இ.டி. விளக்கு, மழைநீர் சேகரிப்பு, பசுமைத் தணிக்கை போன்றவற்றைக் கேட்கிறது. ஆனால், என் பார்வையில், அது பெரும்பாலும் 'இருக்கிறதா' என்றுதான் கேட்கிறதே தவிர 'எவ்வளவு' என்று கேட்பதில்லை. மழைநீர்த் தொட்டிக்குச் சான்றாக, இடக்குறியீடு பதிந்த புகைப்படம் இணைக்கப்படும். மாடியிலிருந்து வரும் குழாய் அந்தத் தொட்டியில்தான் முடிகிறதா, பாதி வழியில் உடைந்து தொங்குகிறதா என்பதைப் படம் சொல்லாது. (ஆய்வுக்குழு வரும் வாரத்தில் மட்டும் தொட்டிகளுக்குப் புதுச் சுண்ணாம்பு பூசப்படுவதை நானே பார்த்திருக்கிறேன்.)

எனவே பலகையைப் பார்த்து வியப்பதைவிட, கடந்த 3 ஆண்டு மின்கட்டண ரசீதுகளின் யூனிட்டுகளையும், ஜெனரேட்டருக்கு வாங்கிய டீசலின் லிட்டர்களையும், விடுதிக்கு வந்த தண்ணீர் லாரிகளின் எண்ணிக்கையையும், மாணவர் எண்ணிக்கையால் வகுத்து வெளியிடும்படி உங்கள் மாணவர் மன்றத்தின் வழியாகக் கேளுங்கள். இவை மூன்றும் கணக்குப் பிரிவின் பேரேட்டில் ஏற்கெனவே இருப்பவை.