ராத்திரியில் படுத்துக்கொள்ளும் டிஸ்கவரி: வண்டி கேள்வி பதில்

கோத்தகிரிப் பக்கம் ஒரு தேயிலைத் தொழிற்சாலையில் பிட்டராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். எஸ்டேட்காரர் ஒருவர் சலித்துப்போய் விற்ற 2009 மாடல் லேண்ட் ரோவர் டிஸ்கவரி 3 வண்டியை வாங்கி, வீட்டு ஷெட்டிலேயே பழுது பார்த்து ஓட்டிக்கொண்டிருக்கிறேன் என்று சென்ற இதழில் எழுதியிருந்தேன். அதற்கு இத்தனை கடிதம் வரும் என்று நினைக்கவில்லை. இந்த மலையில் எத்தனை ஷெட்டில் எத்தனை பேர் இப்படி மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறார்கள்!

என்னிடமும் டிஸ்கவரி 3தான். சாயங்காலம் நிறுத்தும்போது நேராக நிற்கிறது. காலையில் போய்ப் பார்த்தால் முன்பக்கம் இடது மூலை இறங்கிக் கிடக்கிறது. ஸ்டார்ட் செய்தால் காற்று அடைக்கிற கம்ப்ரசர் ரொம்ப நேரம் ஓடி, அப்புறம் எழுந்து நிற்கிறது. கீழே சமவெளியில் காட்டினேன். கம்ப்ரசர் போய்விட்டது, புதுசு போடணும் என்கிறார்கள். போட்டுவிடலாமா ஐயா?
*வாசகர், அருவங்காடு*

இப்போதைக்குப் போடாதீர்கள். எழுந்து நிற்கிறது என்கிறீர்களே, அப்படியானால் கம்ப்ரசருக்கு உயிர் இருக்கிறது. நானும் முதல் வருடம் இதே பேச்சைக் கேட்டுப் புதுக் கம்ப்ரசர் போட்டேன், பில் ஐந்து இலக்கத்தில் வந்தது, மூன்றே வாரத்தில் வண்டி பழையபடி மூலையில் படுத்துக்கொண்டது. ஓட்டை இருந்தது ரப்பர் பலூனில், கம்ப்ரசரில் இல்லை.

இந்த வண்டியின் சஸ்பென்ஷனில் இரும்பு ஸ்பிரிங்குக்குப் பதில் நான்கு சக்கரத்துக்கும் நான்கு காற்றுப் பலூன். இடதுபக்கச் சேஸிஸ் ஓரம் ஒரு மூடிக்குள் கம்ப்ரசர், அதிலிருந்து காற்றைச் சேர்த்து வைக்க ஒரு டேங்க், எந்தச் சக்கரத்துக்கு எவ்வளவு காற்று என்று பிரித்து விட வால்வுகள், உயரத்தை அளந்து சொல்லச் சக்கரத்துக்கு ஒரு சென்சார், அவ்வளவுதான். பலூனில் சின்னதாகக் கசிவு வந்தால் கம்ப்ரசர் ஓய்வில்லாமல் ஓடி ஓடி அதன் பிஸ்டன் ரிங் தேய்ந்து சாகும். செத்த கம்ப்ரசரை மட்டும் மாற்றிவிட்டுக் கசிவை விட்டால் புதுசும் அதே வழியில் போகும்.

பஞ்சர் கடையில் டியூபைத் தொட்டித் தண்ணீரில் அமுக்கிப் பார்ப்பார்களே, அதே வேலைதான் இங்கேயும். வண்டியை முழு உயரத்துக்குத் தூக்கி, சக்கரத்தைக் கழற்றி, ஸ்ப்ரே பாட்டிலில் கெட்டியாகக் கலக்கிய சோப்புத் தண்ணீரைப் பலூன் மடிகிற இடத்தில் அடியுங்கள். அந்த மடிப்பில்தான் ரப்பரில் கீறல் விட்டிருக்கும். பலூனுக்குக் காற்றுக் குழாய் வந்து சேருகிற இணைப்பிலும் அடியுங்கள். உடனே ஒன்றும் தெரியாது, பீடி ஒன்று பிடிக்கிற நேரம் (எனக்கு அந்தப் பழக்கம் விட்டுப்போய் நாளாயிற்று, டீ குடித்துவிட்டு வருவேன்) விட்டுப் பார்த்தால் கடுகு கடுகாக நுரை பூத்திருக்கும். குழாய் இணைப்பில் நுரைத்தால் சில நூறு ரூபாயோடு போச்சு. பலூனில் நுரைத்தால் செலவுதான், முன்பக்கம் பலூனும் ஷாக் அப்சார்பரும் ஒரே உருப்படி.

ஒரு குழப்பம் உண்டு. நிறுத்திய பிறகும் வண்டி தானே விழித்துக்கொண்டு, இறங்கிய மூலைக்குச் சமமாக மற்ற மூலைகளையும் இறக்கிவிடும். எந்த மூலை குற்றவாளி என்று தெரியாமல் போகும். அதனால் ராத்திரி சஸ்பென்ஷன் ஃபியூஸை எடுத்துவிடுங்கள். சக்கரத்தின் நடுவிலிருந்து மேலே மட்கார்டு விளிம்பு வரை நான்கு மூலையும் டேப் வைத்து அளந்து சுவரில் எழுதிவிட்டுத் தூங்கப் போங்கள், காலையில் திரும்ப அளங்கள். சமதளத்தில் செய்யணும். நம் ஊரில் அது எங்கே என்று கேட்காதீர்கள், நான் பஞ்சாயத்து வாலிபால் கிரவுண்டில் கொண்டுபோய் நிறுத்தினேன். ஜனவரி உறைபனியில் காற்று சுருங்கி நான்கு மூலையும் விரற்கடை இறங்கினால் அது நோய் இல்லை.

இன்னொன்று, இதை மறந்தால் உயிர் போகும். ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் போகாதீர்கள். கதவைத் திறந்து மூடினாலே சஸ்பென்ஷன் கம்ப்யூட்டர் விழித்துக் காற்றை இறக்கிவிடும், இரண்டரை டன் வண்டி அது. ஃபியூஸை எடுத்து, சேஸிஸுக்கு அடியில் ஸ்டாண்ட் கொடுத்து, பிள்ளைகளை வண்டிப் பக்கம் வரக்கூடாது என்று சொல்லிவிட்டு அப்புறம் படுங்கள்.

எங்கள் டிஸ்கவரி மேடு ஏறும்போது திடீரென்று டேஷ்போர்டில் எல்லா விளக்கும் எரிகிறது. சஸ்பென்ஷன் கோளாறு என்கிறது, இறக்கக் கட்டுப்பாடு (சரிவில் வண்டியைத் தானே மெதுவாக இறக்குகிற வசதி) வேலை செய்யாது என்கிறது. ஆஃப் செய்து போட்டால் ஒன்றுமே நடக்காதது போல் இருக்கிறது. இந்த வண்டிக்குப் பேய் பிடித்துவிட்டது என்கிறார் என் கணவர்.
*வாசகி, குன்னூர்*

பேயை ஓட்டச் சில நூறு ரூபாய் போதும் அம்மா, பெரும்பாலும். பிரேக் பெடலுக்கு மேலே பிரேக் விளக்கு ஸ்விட்ச் என்று ஒரு சின்னப் பிளாஸ்டிக் சாமான் இருக்கிறது. பின்னால் சிவப்பு விளக்கை எரிய வைக்க மட்டும் என்று நினைக்கிறோம். இந்த வண்டியில் இன்ஜின், ஏபிஎஸ், சஸ்பென்ஷன், கியர் எல்லாக் கம்ப்யூட்டரும் “கால் பிரேக்கில் இருக்கிறதா?” என்று அந்த ஸ்விட்சைத்தான் கேட்கும். அதற்குள் இருக்கிற இரண்டு கான்டாக்ட்டும் தேய்ந்து ஒன்று ஆம் என்றும் மற்றது இல்லை என்றும் சொன்னால், நமக்கெதற்கு வம்பு என்று எல்லாம் ஒதுங்கிக்கொள்ளும். அதுதான் அந்த தீபாவளி.

உங்கள் கணவரைப் பின்னால் நிற்கச் சொல்லி மெதுவாகப் பத்துத் தடவை மிதியுங்கள். ஒரு தடவை விளக்கு எரியாமல் போனாலும் மாற்றிவிடுங்கள். மூடுபனி நாளில் பிரேக் விளக்கு எரியாத வண்டிக்குப் பின்னால் பஸ் வந்தால் என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. பழசைத் திருகி எடுத்துப் புதுசைத் திருகிப் போடுவதுதான், ஆனால் போடும்போது பெடலை மிதிக்கக் கூடாது. அந்த ஸ்விட்ச் தன் அளவைத் தானே எடுத்துக்கொள்கிற வகை, மிதித்துக்கொண்டு போட்டால் தப்பான அளவில் உட்கார்ந்துவிடும்.

அதிலும் தீராவிட்டால் பேட்டரி. ராத்திரி முழுக்க ஓய்ந்த பேட்டரி 12.6 வோல்ட் காட்ட வேண்டும், 12.2 என்றால் பாதிதான் இருக்கிறது. காலைக் குளிரில் ஸ்டார்ட்டர் இழுக்கும்போது வோல்ட் சரிந்தால் முதலில் மயங்கி விழுவது இந்தக் கம்ப்யூட்டர்கள்தான்.

பெருமாள்மலையில் பைன் மரத்துக்கு அடியில்தான் எங்கள் டிஸ்கவரி நிற்கும். ஒவ்வொரு ஐப்பசி மழைக்கும் இடதுபக்கக் கால்மிதியில் தண்ணீர் ஊறுகிறது. கண்ணாடி ரப்பரெல்லாம் மாற்றியாகிவிட்டது.
*வாசகர், கொடைக்கானல்*

பதில் உங்கள் கேள்வியின் முதல் வரியிலேயே இருக்கிறது. சன்ரூஃபைச் சுற்றி ஒரு வாய்க்கால் உண்டு. மூடியிருந்தாலும் கொஞ்சம் தண்ணீர் உள்ளே வரத்தான் செய்யும், அதை மூலைத் துளைகள் வழியாக மெல்லிய குழாய் கீழே கொண்டுபோய் வெளியே விடும். அந்தத் துளையில் பைன் ஊசியும் பாசியும் சேர்ந்து அடைத்திருக்கும். எங்கள் பக்கம் சில்வர் ஓக் இலை.

சன்ரூஃபைத் திறந்து முன் மூலைத் துளையில் ஒரு டம்ளர் தண்ணீர் விடுங்கள், சக்கரத்துப் பக்கம் கீழே சொட்ட வேண்டும். சொட்டாவிட்டால் புல் வெட்டும் மிஷினில் போடுகிற நைலான் நரம்பை நுனி மழுக்கி உள்ளே விட்டு மெல்ல ஆட்டுங்கள். பஞ்சர் கடை காற்றை அடித்துவிடாதீர்கள், உள்ளே குழாய் இணைப்பு கழன்றால் கூரைத் துணியையே இறக்கும்படி ஆகிவிடும். தள்ளிப் போடவும் வேண்டாம், அந்தத் தண்ணீர் இறங்குகிற வழியில், கையுறைப் பெட்டிக்குப் பின்னால்தான் முக்கியமான ஃபியூஸ் பெட்டி இருக்கிறது. கார்பெட்டைத் தூக்கி அடியிலுள்ள பஞ்சையும் வெயிலில் போடுங்கள். மேலே காய்ந்த மாதிரி இருக்கும், பிழிந்தால் ஒரு குடம் வரும்.

அப்பா வைத்திருந்த பழைய பஜேரோ 2.8 டீசல். மேட்டுப்பாளையத்தில் நார்மலாக இருக்கிற டெம்பரேச்சர் முள், மலை ஏறும் வழியில் பர்லியார் தாண்டியதும் ஏறுகிறது. தெர்மோஸ்டாட்டை (ரேடியேட்டருக்குப் போகிற தண்ணீரைச் சூட்டுக்கேற்பத் திறந்து மூடுகிற வால்வு) கழற்றி எறிந்துவிடு என்கிறார்கள் நண்பர்கள்.
*கல்லூரி மாணவர், ஊட்டி*

எறியாதே தம்பி. திருவள்ளூரில் இந்துஸ்தான் மோட்டார்ஸ் ஆலையில் பூட்டி வந்த வண்டி அது, நல்ல வண்டி. வால்வு திறந்து மூடுகிற நேரத்தைப் பிடிக்கிற டைமிங்குக்குப் பெல்ட் இல்லாமல் செயின் போட்ட இன்ஜின். ஆனால் சூடு ஏறவிட்டால் சிலிண்டர் ஹெட்டில் கீறல் விடும், அது ஒன்றுதான் அதன் பலவீனம். முள் ஏறினால் ஓரங்கட்டு, ஊர் போய்ச் சேர்ந்துவிடலாம் என்று ஓட்டாதே.

முதலில் ரேடியேட்டர் மூடியை மாற்று. ஊட்டி கடல் மட்டத்திலிருந்து 2,240 மீட்டர். திறந்த பாத்திரத்தில் தண்ணீர் இங்கே 93 டிகிரிக்குள் கொதித்துவிடும். மூடி அழுத்தத்தைப் பிடித்து வைப்பதால்தான் இன்ஜினுக்குள் கொதிக்காமல் இருக்கிறது. மூடியின் ரப்பர் தளர்ந்திருந்தால் கீழே ஊரில் தெரியாது, மேலே வர வரத் தெரியும். அடுத்து ஃபேன். சூடான இன்ஜினை நிறுத்திச் சாவியை எடுத்துவிட்டுக் கையால் சுற்றிப் பார், இறுக்கமாக இருக்க வேண்டும். விட்ட வேகத்தில் காற்றாடி மாதிரி சுற்றினால் சூடானால் ஃபேனை இறுக்கிப் பிடிக்க வேண்டிய, நடுவிலுள்ள பிசுபிசு கிளட்ச் போய்விட்டது. அப்புறம் ரேடியேட்டரைப் பின்பக்கமிருந்து குழாய்த் தண்ணீர் விட்டுக் கழுவு. கூலன்ட்டும் டிஸ்டில்டு வாட்டரும் பாதிப் பாதி.

இறங்கும்போது குன்னூரிலிருந்து மலையடிவாரத்துக் கல்லாருக்குள் பிரேக் தீய்ந்த வாசனை வருகிறது. பேட் புதுசுதான். ஆட்டோமேட்டிக் வண்டி.
*வாசகர், கேத்தி*

பழைய லாரி டிரைவர்கள் சொல்வது: ஏறின கியரில் இறங்கு. 14 கொண்டை ஊசி வளைவையும் ‘டி’யில் (டிரைவில்) வைத்து பிரேக்கை அழுத்திக்கொண்டே இறங்கினால் எந்தப் பேடும் தீயும். லீவரைத் தட்டி இரண்டிலோ மூன்றிலோ பிடித்துக்கொள்ளுங்கள், இன்ஜின் உறுமினால் உறுமட்டும். பிரேக் ஆயிலையும் பாருங்கள். அது காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும், நம் மலையில் ஈரத்துக்குப் பஞ்சமில்லை. டாட் 4 ஆயில் புதிதாக இருக்கும்போது 230 டிகிரி வரை கொதிக்காது, ஈரம் ஊறிவிட்டால் அந்தக் கணக்கு 155க்கு வந்துவிடும். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள், ஓடினாலும் ஓடாவிட்டாலும்.

15 வருடம் முடிந்தால் வண்டியை உடைக்கத்தான் வேண்டுமாமே?
*வாசகர், கூடலூர்*

யார் சொன்னது? டெல்லியில் பழைய வண்டிகளுக்குப் போட்ட தடையை இங்கே போட்டுக் குழப்புகிறார்கள். சொந்த உபயோக வண்டிக்கு ஆர்சியைப் புதுப்பித்து ஐந்தைந்து வருடமாக ஓட்டலாம். ஆர்டிஓ ஆபீசுக்குப் போகுமுன் ஹேண்ட் பிரேக் பிடிக்கிறதா, புகை கருப்பாக வருகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

டிஸ்கவரியின் டைமிங் பெல்ட்டை நானே வீட்டில் மாற்றலாம் என்றிருக்கிறேன். வீடியோ பார்த்தேன்.
*வாசகர், கோத்தகிரி*

நம் ஊர்க்காரர் என்பதால் உரிமையோடு சொல்கிறேன், வேண்டாம். முப்பது வருடம் ஸ்பானர் பிடித்தவன், நானே அதில் கை வைக்கவில்லை. முன்னால் ஒரு பெல்ட், பின்னால் டீசல் பம்புக்குத் தனியாக இன்னொரு சின்ன பெல்ட், அதை எட்டிப் பார்க்கவே கை வளைய வேண்டும். பூட்டு போட்டு நிறுத்துகிற தனி டூல் இல்லாமல் ஒரு பல் தள்ளி மாட்டினால் வால்வும் பிஸ்டனும் முட்டிக்கொள்ளும், அப்புறம் இன்ஜினையே இறக்கணும். டூல் வைத்திருக்கிற மெக்கானிக்கிடம் விடுங்கள், இரண்டு பெல்ட்டையும் கூடவே பெல்ட்டை இறுக்கிப் பிடிக்கிற டென்ஷனரையும் மாற்றச் சொல்லுங்கள், பழைய பெல்ட்டைக் கையில் வாங்கிக்கொண்டு வாருங்கள். கை அரிக்கிறது என்றால் சனிக்கிழமை என் ஷெட்டுக்கு வாருங்கள். என் வண்டியில் பின் சக்கரத்து ஹேண்ட் பிரேக் லைனிங்கில் சேறு புகுந்து கத்துகிறது, டிரம்மைக் கழற்றித் தேய்க்க ஒரு ஆள் தேவை.