லண்டன் பட்டத்துக்கு அவசரப்படாதீர்கள்

வெள்ளவத்தையிலிருந்து ஒரு தாயார் எழுதியிருக்கிறார். மகள் உயர்தரத்தில் கணக்கீடு, வணிகக் கல்வி, பொருளியல் எடுத்து நல்ல பெறுபேறு. லண்டன் மாமாவோ வெளிநாட்டுப் பட்டம்தான் மதிப்பு என்று நிற்கிறார். காப்பை விற்றாவது சேர்த்துவிடட்டுமா?

பதறாதீர்கள் அம்மா. ஆனால் காப்பை விற்க நான் சம்மதிக்க மாட்டேன். பவுணில் கட்டும் கட்டணம் உங்கள் கையில் நிற்காது. 2022இல் டொலர் 200 ரூபாயிலிருந்து 360ஐத் தாண்ட இரண்டு மூன்று மாதம்கூட ஆகவில்லை. முதல் தவணையை மாமா கட்டுவார். நாலாவதை யார் கட்டுவது?

சிமா என்ற முகாமைத்துவக் கணக்கீட்டுத் தகைமை, வங்கி வேலை எல்லாம் உங்களுக்குத் தெரிந்ததுதான், விடுகிறேன். புறக்கோட்டைக் கடையில் அப்பாவின் சிட்டைப் புத்தகத்தில் இலக்கங்கள் தாவியிருந்ததை மகள்தான் கண்டுபிடித்தாள் என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். அந்தக் கண்ணுக்கு ஏற்ற வேலை, கணக்காய்வில் விசேட அறிக்கை தயாரிப்பது.

வருடாந்தக் கணக்காய்வு முழு நிதிக்கூற்றுகளையும் பார்த்து அபிப்பிராயம் சொல்லும். விசேட அறிக்கை ஒரே கேள்வியைப் பிடித்துக்கொண்டு போகும். களஞ்சியத்தில் சரக்கு எங்கே குறைந்தது? உதவிப் பணம் சொன்ன வேலைக்குத்தான் போனதா? சரக்கு வந்த சீட்டு, இருப்பு அட்டை, காசோலை அடிக்கட்டை மூன்றையும் பக்கத்தில் வைத்துத் திகதி திகதியாக ஒப்பிட வேண்டும். சில அறிக்கைகளில் அபிப்பிராயமே எழுதக்கூடாது: செய்த சோதனை இது, கண்டது இது, அவ்வளவுதான். 'காசாளர் திருடினார்' என்று எழுத முடியாது. 'இந்த 14 சிட்டைகளுக்குரிய பணம் காசேட்டில் பதியப்படவில்லை' என்றுதான் எழுதலாம். இந்த நிதானம் லேசில் வராது.

அரசாங்கத்திலும் இதே வேலை உண்டு. அரசியலமைப்பின் 154ஆம் உறுப்புரைப்படி கணக்காய்வாளர் தலைமை அதிபதி, ஆண்டறிக்கை தவிர, தேவை என்று கருதும்போதெல்லாம் பாராளுமன்றத்துக்கு அறிக்கை கொடுக்கலாம். தேசிய கணக்காய்வு அலுவலகத்தின் இணையத்தளத்தில் அப்படி ஒன்றை எடுத்து மகளிடம் கொடுங்கள். விரும்பி வாசித்தால் ஏ.ஏ.ரி. என்ற அடிப்படைக் கணக்கீட்டுத் தகைமைக்குச் சேருங்கள், தமிழிலேயே பரீட்சை எழுதலாம். அப்புறம் பட்டயக் கணக்காளர் கற்கை, கணக்காய்வு நிறுவனத்தில் பயிற்சி. கட்டணம் ரூபாயில், பயிற்சிக் காலத்தில் கொடுப்பனவும் வரும். பத்துப் பக்கத்தில் மூடி வைத்தால் வற்புறுத்தாதீர்கள், என்ன பிடிக்கிறது என்று அவளிடமே கேளுங்கள். மாமாவிடம் அல்ல.

ஒன்று மட்டும்: தனியார் நிறுவனங்களில் அறிக்கை பெரும்பாலும் ஆங்கிலத்தில்தான் போகும். நாலு வரி பிழையின்றித் தெளிவாக எழுத இப்போதே பழகட்டும். அந்த வகுப்புக்கு மட்டும் தாராளமாகச் செலவழியுங்கள்.