எஸ்போ, வான்டா, ஹெல்சின்கி: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: என் மகனுக்குப் பின்லாந்தில் வேலை கிடைத்திருக்கிறது. மருமகளும் நான்கு வயதுப் பேரனும் உடன் போகிறார்கள். ஹெல்சின்கி என்றுதான் உறவுக்காரர்களிடம் சொல்லிவந்தோம். வந்த கடிதத்தில் எஸ்போ என்று இருக்கிறது. அது ஊருக்கு ஒதுக்குப்புறமா? வீடு எங்கே பார்க்கச் சொல்லலாம்?
– ஒரு வாசகி, அல்சூர், பெங்களூர்

பதில்: கவலையே வேண்டாம் அம்மா. எஸ்போ மூன்று லட்சத்துக்கு மேல் மக்கள் வாழும் தனி நகரம். பின்லாந்தில் ஹெல்சின்கிக்கு அடுத்த பெரிய ஊர் அதுதான். நோக்கியாவின் தலைமையகமும் ஆல்டோ பல்கலைக்கழகமும் அங்கேதான் இருக்கின்றன. ஹெல்சின்கிக்கு மேற்கே எஸ்போ, வடக்கே வான்டா. எஸ்போவின் வயிற்றுக்குள் கௌனியாய்னென் என்று பத்தாயிரம் பேர் வாழும் சின்னஞ்சிறு நகரம் ஒன்றும் உண்டு. எந்தப் பக்கம் நடந்தாலும் எஸ்போவில்தான் கால் வைக்க வேண்டும். இந்த நான்கும் சேர்ந்ததே தலைநகர் வட்டாரம். உங்கள் மகன் போய் இறங்கப்போகும் விமான நிலையம்கூட வான்டாவில்தான் இருக்கிறது.

என் மகள் குடும்பம் எஸ்போவின் தபியோலாவில் இருக்கிறது. நானும் என் மனைவியும் அங்கே தங்கியிருக்கிறோம். 1950களில் தோட்ட நகரமாகத் திட்டமிட்டுக் கட்டிய பகுதி அது. வீடுகளுக்கு நடுவே இருந்த பைன் மரங்களையும் பாறைகளையும் முடிந்தவரை அப்படியே விட்டுவைத்திருக்கிறார்கள். 2017 நவம்பரில் மெட்ரோ வந்தபிறகு அங்கிருந்து ஹெல்சின்கிக்குப் போவது சுலபமாகிவிட்டது. 2022 டிசம்பரில் அந்தத் தடத்தை இன்னும் மேற்கே கிவென்லஹ்தி வரை நீட்டினார்கள்.

எஸ்போவுக்கு நடுநாயகமான கடைவீதி என்று ஒன்று கிடையாது. ஐந்து மையங்கள் தனித்தனியே இருக்கின்றன. அதனால் 'சிட்டி சென்டருக்குப் பக்கத்தில்' என்று வீடு தேடுவதில் பயனில்லை; அலுவலகம் எந்தத் தடத்தில் இருக்கிறது என்று பார்த்துத் தேடச் சொல்லுங்கள். மெட்ரோ தடத்தில் என்றால் தபியோலா, மாட்டின்கிலா. ரயில் தடத்தில் என்றால் லெப்பவாரா. 2023 அக்டோபரில் ஓடத் தொடங்கிய 15ஆம் எண் டிராமும் லெப்பவாராவைத் தொட்டுச் செல்கிறது. நடு ஹெல்சின்கிக்குள் நுழையாமலே கிழக்கையும் மேற்கையும் இணைக்கும் தடம் அது.

பேரனுக்காக ஒன்று: குழந்தைகள் காப்பகத்துக்கு நீங்கள் குடியிருக்கும் நகராட்சியிடம்தான் விண்ணப்பிக்க வேண்டும், அதுவும் பொதுவாக நான்கு மாதம் முன்னதாக. வேலை திடீரென்று அமைந்தால் குறைந்த அவகாசத்திலும் இடம் தருவார்கள். ஆகவே முகவரி முதலில் முடிவாகட்டும். மருத்துவமும் அப்படித்தான். 2023 முதல் எஸ்போக்காரர்கள் மேற்கு ஊசிமா என்ற நல்வாழ்வு வட்டாரத்தில் (மருத்துவத்தையும் சமூக சேவைகளையும் கவனிக்கும் அமைப்பு அது) சேர்ந்தவர்கள், ஹெல்சின்கியில் இல்லை. தெருவின் இந்தப் பக்கம் குடியேறுகிறோமா, அந்தப் பக்கமா என்பது அங்கே இவ்வளவையும் தீர்மானிக்கிறது.

கேள்வி: பெங்களூரை ஐந்து மாநகராட்சிகளாகப் பிரித்துவிட்டார்கள். நான்கு நகரங்களாக இருக்கும் ஹெல்சின்கி வட்டாரம் ஒழுங்காக நடப்பதாகப் போன இதழில் எழுதியிருந்தீர்கள். அப்படியானால் பிரித்தது நல்லதுதானா?
– ஒரு வாசகர், ராமமூர்த்தி நகர்

பதில்: பிரித்ததைவிட, எதையெல்லாம் பிரிக்காமல் வைத்திருக்கிறோம் என்பதே முக்கியம் ஐயா. அந்த நான்கு நகரங்களுக்கும் தனித்தனி மன்றம், தனித்தனி வரி. ஆனால் தண்ணீருக்கும் குப்பைக்கும் ஒரே பொது அமைப்பு. பஸ், டிராம், மெட்ரோ, உள்ளூர் ரயில், சுவோமென்லின்னா தீவுக்குப் போகும் படகு எல்லாவற்றுக்கும் ஒரே டிக்கெட். ஏ, பி, சி, டி என்று வளையம் வளையமாக மண்டலம் பிரித்து விலை வைத்திருக்கிறார்கள். அந்த மண்டலக் கோடு நகர எல்லையைப் பார்ப்பதில்லை. தபியோலாவில் மெட்ரோ ஏறி ஹெல்சின்கியில் டிராமுக்கு மாறினால் அதே டிக்கெட் போதும். இங்கே மெஜஸ்டிக்கில் மெட்ரோவை விட்டு இறங்கி பஸ் ஏறினால் மறுபடியும் காசு கொடுக்க வேண்டியிருக்கிறது.

குடிநீர்த் துறையில் வேலை பார்த்தவன் நான். அதனால் மகளிடம் கேட்டுத் தெரிந்துகொண்ட முதல் விஷயம், இந்தக் குழாயில் வருவது எங்கிருந்து வருகிறது என்பதுதான். வடக்கே பையன்னே ஏரியிலிருந்து 120 கிலோமீட்டர் பாறையைக் குடைந்த சுரங்கம். 1982இல் முடித்தார்கள். ஏரி மேட்டில் இருப்பதால் வான்டாவில் உள்ள சில்வோலா நீர்த்தேக்கம் வரை தண்ணீர் தன் எடையிலேயே இறங்கி வருகிறது. அதற்கு முன் அவர்கள் நம்பியிருந்தது அழுக்கேறிப்போன வான்டா ஆற்றை. தனியாக எந்த நகரமும் அந்தச் சுரங்கத்தைத் தோண்டியிருக்க முடியாது.

நமக்கும் ஏறக்குறைய நூறு கிலோமீட்டர்தான், ஆனால் காவிரி கீழே இருக்கிறது, நாம் மேலே இருக்கிறோம். தொரேகாடனஹள்ளியில் தொடங்கி ஹாரோஹள்ளி, தாதகுணி என்று மூன்று இடங்களில் பம்பு வைத்துச் சுமார் ஐந்நூறு மீட்டர் உயரத்துக்கு ஏற்றுகிறோம். பம்பு அறைக்குள் நின்றால் பக்கத்தில் நிற்பவர் பேசுவது கேட்காது. தரையின் அதிர்வு செருப்பைத் தாண்டிக் காலில் ஏறும். மின்சாரம் நின்றால் அல்சூரிலும் ராமமூர்த்தி நகரிலும் குழாய் காய்ந்துவிடும். இத்தனை செலவில் வரும் தண்ணீரை ஐந்து மாநகராட்சிகளும் ஒன்றாகவே காக்க வேண்டும். குடிநீர் வாரியம் இப்போதும் ஒன்றாக இருப்பது பெரிய ஆறுதல். அதை ஒருபோதும் துண்டாட விடக்கூடாது.

மழைநீருக்கும் அப்படி ஒரு பொது ஏற்பாடு வேண்டும் என்று நான் கேட்டுக்கொண்டே இருப்பேன். ஒரு மாநகராட்சியில் புறப்படும் ராஜகால்வாய், அதாவது மழைநீர் ஓடும் பெரிய கால்வாய், அடுத்ததன் ஏரியில் போய் விழுகிறது. மேலே இருப்பவர்கள் தூர் வாராவிட்டால் கீழே இருப்பவர்கள் வீட்டுக்குள் தண்ணீர். 2024 கோடையில் ஆழ்துளைக் கிணறுகள் வற்றிப்போய் டேங்கர் லாரிக்காகக் காத்துக்கிடந்ததை மறந்துவிடவில்லை அல்லவா? ஏரிகள் நிறைந்தால்தான் நிலத்தடி நீர் ஊறும். வார்டு கூட்டத்தில் உங்கள் கால்வாய் எங்கே போய் முடிகிறது என்று கேளுங்கள். பக்கத்து மாநகராட்சிக்காரர்களையும் கூட அழைத்துப்போய்க் கேளுங்கள்.

கேள்வி: அங்கே குளிர்காலத்தில் பகலே இருக்காதாமே, உண்மையா?
– அல்சூர் வாசகியின் மருமகள்

பதில்: டிசம்பர் கடைசியில் ஆறு மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவான பகல் உண்டு அம்மா. காலை ஒன்பதரைக்கு விடிந்து மூன்றே காலுக்குள் சூரியன் மறைந்துவிடும். குழந்தைக்குத் தினமும் வைட்டமின் டி கொடுக்கச் சொல்வார்கள், தவறாமல் கொடுங்கள். இருட்டில் வண்டி ஓட்டுபவர் கண்ணில் படுவதற்காக, வெளிச்சம் பட்டால் மின்னும் சிறு வில்லை ஒன்றைக் கோட்டில் தொங்கவிட்டுக்கொள்வது அங்கே வழக்கம். பையனுக்கு இரண்டாகவே மாட்டுங்கள். கம்பளிக் கோட்டுக்கு இங்கே கமர்ஷியல் தெருவில் பணத்தைக் கொட்ட வேண்டாம். அந்தக் குளிருக்கு ஏற்றது அங்கேதான் கிடைக்கும், பழைய உடைக் கடைகளில் மலிவாகவும் கிடைக்கும்.