ராணுவம் இல்லாத நாடு பேரம் பேசியபோது

அன்புள்ள ஐயா,

ஒரு வல்லரசும் அதன் நிழலில் வாழும் சிறிய நாடும் இருதரப்புப் பேச்சு நடத்தியதாகச் செய்தி வரும்போதெல்லாம் எனக்குச் சலிப்புதான் வருகிறது. கைகுலுக்கல், புகைப்படம், கூட்டறிக்கை. முடிவை மட்டும் பெரியவர் முன்பே எழுதிவிடுகிறார். பகை நாடு என்றால் எதிர்த்தாவது நிற்கலாம், நட்பு நாட்டிடம் அதுவும் முடியாது. சிறிய நாட்டுக்கு அங்கே பேச என்னதான் இருக்கிறது?

கே.

அன்புள்ள கே.,

பல பேச்சுகள் நீங்கள் சொல்கிறபடிதான் முடிகின்றன. ஆனால் 'நட்பு நாட்டிடம் அதுவும் முடியாது' என்பதை என்னால் ஏற்க முடியவில்லை. சிறிய நாட்டின் குரல் எங்காவது எடுபடும் என்றால் அது நட்பு நாட்டிடம்தான் என்று நான் உறுதியாக நினைக்கிறேன். பகைவனுக்கு உங்களிடம் இழக்க ஒன்றுமில்லை, நண்பனுக்கு இருக்கிறது.

ஐஸ்லாந்தை எடுத்துக்கொள்வோம். 1970களில் இரண்டு லட்சத்துச் சொச்சம் மக்கள். ராணுவமே கிடையாது, சில கடலோரக் காவல் கப்பல்கள் மட்டும். எதிரே பிரிட்டிஷ் கடற்படை. இரண்டு நாடுகளுமே 1949-ல் நேட்டோ ராணுவக் கூட்டணியைத் தொடங்கிய 12 நாடுகளில் சேர்ந்தவை. சண்டை காட் மீனுக்காக. ஐஸ்லாந்தின் ஏற்றுமதி வருமானத்தில் பெரும்பகுதி மீன். 1960களின் இறுதியில் ஹெர்ரிங் மீன்வளம் சரிந்ததை அந்த மக்கள் கண்ணெதிரே பார்த்தவர்கள். காட் மீனும் போனால் பிழைப்புக்கு வேறு வழியில்லை. அதனால் 1958-ல் 12 கடல் மைல், 1972-ல் 50, 1975-ல் 200 என்று தங்கள் மீன்பிடி எல்லையை நீட்டிக்கொண்டே போனார்கள். சர்வதேச நீதிமன்றம் 1974-ல் 50 மைல் விஷயத்தில் பிரிட்டனுக்குச் சாதகமாகத் தீர்ப்புச் சொன்னது. ஐஸ்லாந்து அசையவில்லை.

கடலில் நடந்ததையும் சொல்ல வேண்டும். காவல் கப்பல் ஒரு வெட்டுக்கருவியைக் கம்பியில் கட்டி இழுத்துக்கொண்டு, வலையை இழுத்து மீன்பிடிக்கும் பிரிட்டிஷ் ட்ராலர் கப்பலுக்குப் பின்னால் குறுக்கே போகும். வலையை இழுக்கும் வடம் அறுந்தால் வலையும் மீனும் சேர்ந்து கடலடிக்குப் போய்விடும், அன்றைய பிழைப்பு அதோடு சரி. ட்ராலர்களைக் காக்க பிரிட்டன் போர்க்கப்பல்களை அனுப்பியது. நட்பு நாடுகளின் கப்பல்கள் ஒன்றோடொன்று மோதிக்கொண்டன.

ஆனால் காரியத்தை முடித்தது அந்த வெட்டுக்கருவி மட்டுமல்ல. ஐஸ்லாந்தின் கெப்லாவிக்கில் அமெரிக்க ராணுவத் தளம் இருந்தது. சோவியத் நீர்மூழ்கிகள் ஆர்க்டிக் கடல் பகுதியிலிருந்து அட்லாண்டிக்குக்கு வரும் வழியை அங்கிருந்து பறக்கும் விமானங்கள்தான் கண்காணித்தன. மீன் விஷயம் தீராவிட்டால் அந்தத் தளமும் நேட்டோ உறுப்பினர் இடமும் கேள்விக்குறியாகும் என்பதை ஐஸ்லாந்து எல்லோருக்கும் புரியவைத்தது. 1976 ஜனவரியில் பிரதமர் கெய்ர் ஹால்கிரிம்சன் லண்டனுக்குப் போய் பிரிட்டிஷ் பிரதமர் ஹரால்டு வில்சனுடன் பேசினார், உடன்பாடு வரவில்லை. பிப்ரவரியில் பிரிட்டனுடன் தூதரக உறவையே ஐஸ்லாந்து முறித்துக்கொண்டது. அப்புறம் கவலை பிரிட்டனைவிட மற்ற கூட்டாளிகளுக்குத்தான் அதிகமானது. நேட்டோ பொதுச்செயலாளர் ஜோசப் லுன்ஸ் நடுவில் நின்று பேசினார். ஜூன் 1 அன்று ஆஸ்லோவில் உடன்பாடு: நாளுக்குச் சராசரியாக 24 பிரிட்டிஷ் ட்ராலர்கள், அதுவும் ஆறே மாதத்துக்கு. 200 மைல் எல்லை நிலைத்தது.

இதில் எனக்கு முக்கியமாகப் படுவது, ஐஸ்லாந்து எல்லாவற்றையும் கேட்கவில்லை என்பது. மீன் ஒன்றைத்தான் பிடித்துக்கொண்டது. உள்நாட்டில் அதைப் பற்றி இரண்டு கருத்தில்லை, 1972-ல் நாடாளுமன்றம் ஒருமனதாகவே முடிவெடுத்தது. லண்டனுக்கு அது பத்தோடு பதினொன்று, ஐஸ்லாந்தின் தலைநகர் ரெய்க்யவிக்குக்கு வாழ்வா சாவா. பெரிய நாட்டு அதிகாரி ஒரு கோப்பை மூடிவிட்டு அடுத்ததை எடுக்கலாம். சிறிய நாட்டு அமைச்சருக்கு ஊர் திரும்பினாலும் அதே கோப்புதான். அந்தப் பிடிவாதம் நடிப்பில் வராது, எதிரே இருப்பவர் அதைக் கண்டுகொள்வார்.

இடம் வாய்த்தது அதிர்ஷ்டம்தானே என்று நீங்கள் கேட்கலாம். பாதி உண்மை. பனிப்போர் இல்லையென்றால் கெப்லாவிக்குக்கு அந்த மதிப்பு இருந்திருக்காது. காலமும் கூட வந்தது: ஐ.நா. கடல் சட்ட மாநாட்டில் 200 மைலுக்கு ஆதரவு பெருகிக்கொண்டிருந்தது, 1977-ல் பிரிட்டனே தனக்கும் அதை அறிவித்துக்கொண்டது. எல்லோருக்கும் இப்படி வாய்ப்பதில்லை. அணு ஆயுதம் இருக்கிறதா என்று சொல்ல மறுத்த அமெரிக்கப் போர்க்கப்பலை 1985-ல் நியூசிலாந்து தன் துறைமுகத்துக்குள் விடவில்லை. மறு ஆண்டே அமெரிக்கா, நியூசிலாந்தைப் பாதுகாக்கும் தன் கடமையை நிறுத்திவைத்தது. நியூசிலாந்து அந்த விலையைக் கொடுத்தது, 1987-ல் தன் கொள்கையைச் சட்டமாகவும் ஆக்கிக்கொண்டது. சிறிய நாடு 'இல்லை' என்று சொல்லலாம், அதற்கு என்ன கொடுக்கப்போகிறோம் என்று முதலில் தன் மக்களிடம் சொல்லியிருக்க வேண்டும்.

இன்னொன்றையும் விட்டுவிட எனக்கு மனசு வரவில்லை. ஆஸ்லோ உடன்பாட்டின்போது பிரிட்டனின் வெளியுறவு அமைச்சராக இருந்தவர் ஆண்டனி கிராஸ்லண்ட். அவருடைய தொகுதி கிரிம்ஸ்பி, மீன்பிடித் துறைமுகம். தனக்கு ஓட்டுப் போட்டவர்களின் தொழிலைத்தான் அவர் அங்கே விட்டுக்கொடுக்க வேண்டியிருந்தது. கிரிம்ஸ்பியிலும் ஹல்லிலும் தொலைகடல் ட்ராலர்களில் வேலை செய்தவர்கள் தற்காலிகத் தொழிலாளிகளாகக் கருதப்பட்டதால், வேலை போனதற்கான இழப்பீடு கிடைக்காமல் போனது. அரசு அவர்களுக்கென ஒரு திட்டத்தை அறிவித்தது 2000-ல்தான். அதற்குள் அவர்களில் பலர் உயிரோடு இல்லை.