வீடியோ எடிட்ல வானம் பட்டை பட்டையா உடையுது, கலர் பேண்டிங் போக என்ன பண்ணலாம்?

பெங்களூருல வெட்டிங் வீடியோ எடிட் பண்ற எல்லாருக்கும் இருக்கற தலைவலி இது. நந்தி ஹில்ஸ் ப்ரீ-வெட்டிங் ஷூட்ல வர்ற விடிகாலை வானம், ரிசெப்ஷன் ஸ்டேஜ் பின்னாடி அடிக்கிற பர்ப்பிள் லைட், ரெண்டுமே மாட்டும்.

முதல்ல வேற நல்ல ஸ்கிரீன்ல போட்டுப் பாருங்க, ஏன்னா விலை கம்மியான மானிட்டர் நிறைய 6 பிட் பேனல்தான் (காட்டற கலர் லெவல் கம்மி), ஃபைல் சுத்தமா இருந்தாலும் அதுல பட்டை தெரியும்.

ஃபைல்லயே இருக்குன்னா கணக்கு சிம்பிள். 8 பிட்ல ஒரு சேனலுக்கு (சிவப்பு, பச்சை, நீலம்) 256 லெவல், அதுலயும் வீடியோ ரேஞ்ச்ல பிரைட்னஸுக்கு 16ல இருந்து 235 வரைக்கும்தான். உங்க வானம் அதுல 30 லெவலுக்குள்ள அடங்கிடுச்சுன்னு வைங்க, 3840 பிக்சல் அகலத்துல ஒவ்வொரு லெவலும் 128 பிக்சல் பட்டையா நிக்கும், இதுக்கு மேல கான்ட்ராஸ்ட் வேற ஏத்தினா கேக்கவே வேணாம். 8 பிட் ஃபுட்டேஜை 10 பிட்டா கன்வர்ட் பண்ணா இல்லாத லெவல் வந்துடாது, ஆனா ப்ராஜெக்ட் பிட் டெப்த்தை ஏத்தி வைங்க, புதுசா உடையாது. ஆஃப்டர் எஃபெக்ட்ஸ் டீஃபால்ட்டா 8 பிட்லதான் திறக்கும், 16 பிட்டுக்கோ 32 பிட்டுக்கோ மாத்திடுங்க.

நிறைய பேர் கவனிக்காதது டீநாய்ஸ், அதாவது படத்துல பொடிப்பொடியா தெரியற நாய்ஸை நீக்கறது. ஐஎஸ்ஓ ஏத்தி எடுத்த ஷாட்ல இருக்கற நாய்ஸ்தான் பட்டையோட ஓரத்தை மறைச்சு வச்சிருக்கும், அதை நீங்க வழிச்சு எடுத்துட்டா எல்லாம் வெளிய வந்துடும். டீநாய்ஸ் பண்ணியே ஆகணும்னா பண்ணுங்க, ஆனா கலர் கிரேடிங், லட் (LUT, ரெடிமேட் கலர் செட்டிங்) எல்லாம் முடிச்சு கடைசி ஸ்டெப்ல (node) மெல்லிசா கிரெயின், அதாவது ஃபிலிம் மாதிரி பொடிப் புள்ளி போட்டுடுங்க, கருப்பு வெள்ளை கிரெயினே போதும். டாவின்சி ரிசால்வ் எடிட்டிங் சாஃப்ட்வேரோட காசு குடுத்து வாங்கற ஸ்டுடியோ வெர்ஷன்ல பட்டையை நீக்கற டீபேண்ட் எஃபெக்டும் இருக்கு, ஃப்ரீ வெர்ஷன்ல இல்ல, அப்போ ஒரு கிரெயின் கிளிப்பை மேல ஓவர்லேல போட்டுக்கலாம், எனக்கு அதுவே பிடிச்சிருக்கு.

எக்ஸ்போர்ட்ல பிட்ரேட் கஞ்சத்தனம் பண்ணா என்கோடர் முதல்ல அந்த கிரெயினைத்தான் சாப்பிடும். மாஸ்டரை (ஃபைனல் ஒரிஜினல் ஃபைலை) ப்ரோரெஸ் 422 எச்க்யூ மாதிரி 10 பிட்ல எடுத்து வைங்க, யூடியூப்புக்கு 1080 டைம்லைனா இருந்தாலும் 4கேல ஏத்துங்க, அவங்க மறுபடி அமுக்கும்போது அடி கம்மியா விழும். கிளையன்ட் வாட்ஸ்அப்ல பாத்துட்டு கத்தினா டிரைவ் லிங்க் அனுப்பிடுங்க, அதுக்கு வேற வைத்தியம் இல்ல.

அப்புறம் கேமராமேன்கிட்ட 8 பிட் கேமரால லாக் (Log, கான்ட்ராஸ்ட் கம்மியா வெளிறி வர்ற ப்ரொஃபைல்) போடாதீங்க அண்ணா, கிரேடிங்ல கான்ட்ராஸ்ட் ஏத்தும்போது பட்டை வந்துடும்னு சொல்லிப் பாருங்க.