கடைசிப் பிடி

பன்னிரண்டு வருடம் ஒரு திரையரங்கின் பாப்கார்ன் மெஷின் முன்னால் நின்றவன் நான் என்று போன இதழில் போகிற போக்கில் ஒரு வரி எழுதினேன். அதற்கே கடிதங்கள் குவிந்துவிட்டன. பாதிப் பேர் கேட்டிருப்பது ஒரே விஷயத்தை: டப்பாவின் அடியில் கிடக்கும் பொரியாத மணி. ஆகவே இந்த இதழில் வேறு கேள்விகளுக்கு இடமில்லை.

கேள்வி: மேலே எல்லாம் பூவாக இருக்கிறது. அடிக்குப் போனால் வெறும் கல். வேண்டுமென்றே கல்லை அடியில் போட்டு மேலே பூவை நிரப்புகிறீர்களா? உண்மையைச் சொல்லுங்கள். – சந்தேகப் பிராணி

பதில்: கவுன்டருக்குள் நாங்களும் அதைக் ‘கல்’ என்றுதான் சொல்வோம். ஆங்கிலத்தில் ‘முதிர்கன்னி’ என்று ஒரு பழைய பெயர் உண்டு. எனக்கு அந்தப் பெயர் பிடிக்காது. பொரியாததற்கும் கல்யாணத்திற்கும் என்ன சம்பந்தம்?

சரி, கேள்விக்கு வருகிறேன். இடைவேளை மணி அடித்தால் பத்து நிமிடத்தில் வரிசை முழுவதையும் அனுப்பியாக வேண்டும். கல்லைப் பொறுக்கி அடியில் அடுக்க யாருக்கு நேரம்? அது தானாகவே இறங்குகிறது. பெரிதும் சிறிதும் கலந்த எதையும் குலுக்கிப் பாருங்கள். பெரியவற்றுக்கு நடுவே இடைவெளி திறக்கும்போதெல்லாம் சிறியது நழுவிக் கீழே போகும், பெரியது மேலே ஏறும். இதற்கு ‘பிரேசில் நட் விளைவு’ என்று விஞ்ஞானிகள் பெயர் வைத்திருக்கிறார்கள். பருப்பு டப்பாவைக் குலுக்கினால் பெரிய பிரேசில் நட் மேலே வந்து உட்காருவதால் அந்தப் பெயர். நீங்கள் கவுன்டரிலிருந்து படியேறி, நாலு பேர் காலைத் தாண்டி உங்கள் இருக்கையை அடைவதற்குள் கல்லெல்லாம் அடிக்குப் போய்ச் சேர்ந்திருக்கும்.

உண்மையைச் சொல்லச் சொன்னீர்கள் அல்லவா? ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். மெஷினின் கண்ணாடிப் பெட்டிக்குள் தரைத்தட்டில் சிறு சிறு துளைகள் இருக்கும். கல் அதன் வழியே விழ, கீழே ஓர் இழுப்பறை. அள்ளும் கரண்டியிலும் சில இடங்களில் துளை உண்டு. ஒவ்வொரு தடவையும் பூவைத் தட்டில் புரட்டிவிட்டு, கரண்டியை ஓர் ஆட்டு ஆட்டி நிரப்பினால் கல் பெரும்பாலும் இழுப்பறைக்குப் போய்விடும். கூட்டம் நெரிக்கும்போது நான் ஆட்டியதில்லை. இரவுக் காட்சியில், பெட்டியின் மூலையை வழித்துப் போட்ட டப்பாக்களும் உண்டு. அந்தக் கடைசி டப்பாக்களை வாங்கியவர்கள் யாராவது இதைப் படித்தால் மன்னிக்கவும்.

கேள்வி: இன்னும் இரண்டு நிமிடம் அடுப்பில் வைத்தால் அந்தக் கல்லும் பொரிந்துவிடாதா? – அவசரமில்லாதவர்

பதில்: இந்த யோசனையைச் செய்து பார்த்து, வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்திலேயே திட்டு வாங்கியவன் நான். கடைசிக் கல்லும் வெடிக்கட்டும் என்று காத்திருந்தேன். அதற்குள் முதலில் வெடித்தவை கருகி, அரங்கத்துக்குள் வரை வாடை போய்விட்டது. வெடிச்சத்தம் படபடவென்று வந்து, பிறகு இரண்டு மூன்று விநாடிக்கு ஒன்று என்று இளைக்கும்போது, மணி பொரியும் பாத்திரமான கெட்டிலைக் கவிழ்த்துவிட வேண்டும். அதற்கப்புறம் மிஞ்சுவது மிஞ்சட்டும்.

மணிக்குள் நடப்பது இதுதான். நல்ல பாப்கார்ன் சோளமணியில் சுமார் 14 சதவீதம் ஈரம் இருக்கும். சூடேற ஏற அந்த ஈரம் நீராவியாகி வெளியே போக வழியில்லாமல் முட்டும். 180 டிகிரி செல்சியஸ் வாக்கில் உள்ளே அழுத்தம் வெளிக்காற்றைப் போல ஏறக்குறைய ஒன்பது மடங்காகிவிடும். கார் டயரில் அடிக்கும் காற்றைவிட நாலு மடங்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்போது தோல் கிழியும், கூழாகிப் போன மாவுச்சத்து நுரைத்து வெளியே பாய்ந்து அப்படியே உறைந்துவிடும். நாம் தின்பது அந்த நுரையைத்தான்.

2015-ல் பிரான்சில் இரண்டு ஆய்வாளர்கள் மணிகளை அடுப்பில் வைத்து வெப்பத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றிப் பார்த்தார்கள். 170 டிகிரியில் நூற்றுக்கு 34 தான் பொரிந்தது. 180-ல் 96. பத்து டிகிரியில் இவ்வளவு வித்தியாசம்! அப்போதும் அந்த நாலு பொரியவில்லை, கவனித்தீர்களா?

அந்த நாலு ஏன் அடம்பிடிக்கிறது என்பதற்குப் பதில் தோலில் இருக்கிறது. அமெரிக்காவின் பர்டூ பல்கலைக்கழகத்தில் 2005-ல் வெளிவந்த ஆய்வு ஒன்று, 14 வகை மணிகளை மைக்ரோவேவில் பொரித்துப் பார்த்தது. ஒரு வகையில் பொரியாதவை 4 சதவீதம், இன்னொரு வகையில் 47 சதவீதம். தோலின் நார்க்கட்டமைப்பு நெருக்கமாக இருந்தால் ஈரத்தைக் கசியவிடாமல் பிடித்து வைக்கும். தளர்ந்திருந்தால் நீராவி ஓசைப்படாமல் நழுவிவிடும், அழுத்தம் சேராது. கண்ணுக்குத் தெரியாத ஒரு கீறல் இருந்தாலும் இதே கதைதான். விசில் ஓட்டையான குக்கரை எத்தனை நேரம் அடுப்பில் வைத்தாலும் ஆவி சேருமா?

கேள்வி: என் கணவர் பூவையெல்லாம் எனக்கும் பிள்ளைகளுக்கும் விட்டுவிட்டு அடியில் கிடப்பதை அள்ளிக் கடக் கடக்கென்று கடிக்கிறார். ‘இதுதான் ருசி’ என்கிறார். எனக்குப் பல் கூசுகிறது. அவரை நிறுத்த ஒரு வரி எழுதுங்கள். – முன்வரிசை மனைவி

பதில்: ஒரு வரியில் முடியாது அம்மா. இதில் எனக்குச் சொந்தக் கதை இருக்கிறது.

முதலில் உங்கள் வீட்டுக்காரருக்குப் பரிந்து ஒரு வார்த்தை. அடியில் கிடப்பதில் இரண்டு சாதி உண்டு. ஒன்று முழுக் கல். மற்றது அரைப்பொரி: தோல் லேசாகப் பிளந்து, பழுப்பு மணியின் வயிற்றில் வெள்ளையாக ஒரு கீற்று மட்டும் தெரியும். எண்ணெயில் வறுபட்டு உப்பேறிய அரைப்பொரியின் ருசி பூவுக்கு வராது. அவர் சொல்வது பொய்யில்லை. வெளிச்சத்தில் பார்த்துப் பொறுக்கி எடுத்தால் நானும் தின்பேன். வம்பு எங்கே என்றால், இருட்டில் இரண்டும் ஒன்றுபோலவே கைக்கு வரும்.

எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். வேலை இல்லாத ஒரு நாள், சும்மா பார்வையாளனாகப் போய் உட்கார்ந்திருந்தேன். படத்தில் மும்முரமான கட்டம். கண் திரையில், கை டப்பாவில். அரைப்பொரி என்று நினைத்து இடப்பக்கக் கீழ்க் கடைவாயில் வைத்துக் கடித்தேன். ‘டிக்’ என்று ஒரு சத்தம். வலிக்கவே இல்லை. கல்தான் உடைந்தது என்று நினைத்து நாக்கால் துழாவினேன். கல் முழுசாக இருந்தது.

மறுநாள் காலை குளிர்ந்த தண்ணீர் பட்டதும் காதுவரை சுரீரென்றது. அப்புறம் ஒரு விசித்திரம்: கடிக்கும்போது வலிக்காது, கடித்ததை விடும்போது வலிக்கும். பல் மருத்துவரிடம் இதைச் சொன்னதுமே ‘விரிசல்’ என்றுவிட்டார். விரிசல் விட்ட பல்லின் அடையாளமே அதுதானாம். பழைய அடைப்பு ஒன்று இருந்த பல் அது, அதனால் சுவர் ஏற்கனவே மெலிந்திருந்தது. பல்லின்மேல் உறைபோல ஒரு தொப்பி போட்டுக் காப்பாற்றினார்கள்.

உடம்பிலேயே கடினமானது பல் எனாமல்தான். ஆனால் கடினமான எதுவும் வளையாது, அடி வாங்கினால் பிளக்கும். அதோடு, பூ என்று நம்பி மெல்லும் தாடை வேகத்தைக் குறைப்பதில்லை. உருண்டைக் கல்லும் பல்லும் தொடும் இடம் ஊசிமுனை அளவு, கடைவாயின் பலம் முழுவதும் அந்த ஒரு புள்ளியில் இறங்குகிறது. முறுக்கையோ கற்கண்டையோ கடிக்கும்போது நமக்குத் தெரிந்தே கடிக்கிறோம். இதில் அந்த எச்சரிக்கை இல்லை.

உங்கள் வீட்டுக்காரருக்கு அடைப்பு வைத்த பல், வேர் சிகிச்சை செய்த பல், தொப்பி போட்ட பல் ஏதாவது இருந்தால் இன்றோடு நிறுத்தச் சொல்லுங்கள். இல்லையென்றாலும் படம் முடிந்து விளக்கு போட்டபின் பார்த்துப் பொறுக்கட்டும். ருசி எங்கும் ஓடிவிடாது.

கேள்வி: மூன்று வயதுப் பேத்திக்கு டப்பாவிலிருந்து ஒன்றிரண்டு கொடுக்கலாமா? – தாத்தா

பதில்: வேண்டாம் ஐயா. கல் மட்டுமல்ல, பூவும் வேண்டாம். நாலு வயதுக்குள் பாப்கார்ன் கொடுக்காதீர்கள் என்றுதான் குழந்தை மருத்துவர்கள் சொல்கிறார்கள். மூச்சுக்குழாயில் போய் அடைத்துக்கொள்ளும்.

கேள்வி: இருட்டில் கல்லையும் பூவையும் எப்படிப் பிரிப்பது? செல்போன் விளக்கைப் போட்டால் பின்னால் இருப்பவர்கள் கத்துகிறார்கள். வாய்க்குள் வந்த கல்லை எங்கே துப்புவது? – கூச்ச சுபாவி

பதில்: கத்துவது நியாயம்தான், விளக்கை அணையுங்கள். விரல் போதும். உட்கார்ந்ததும் டப்பாவை நாலு முறை லேசாகக் குலுக்குங்கள், பாதி வழியில் நிற்கும் கல்லும் கீழே போகட்டும். அதன்பின் மேலாகவே எடுங்கள். கையை ஆழமாக விட்டுக் கிளறினால் இறங்கியது மறுபடி மேலே வரும். உள்ளங்கை நிறைய அள்ளி வாயில் கொட்டும் பழக்கம் உள்ளவர்கள் பாதி டப்பா காலியானதும் அதை விட்டுவிட வேண்டும். இரண்டு விரலால் எடுத்து லேசாக உருட்டிப் பாருங்கள். பூ சொரசொரப்பாக நசுங்கும். கல் வழுக்கும். ஒரு படத்துக்குள் விரலுக்குப் பழகிவிடும்.

வாய்க்குள் வந்துவிட்டால் கடிக்காமல் நாக்கால் முன்பக்கம் தள்ளி, துடைக்கும் தாளில் வாங்கிக்கொள்ளுங்கள். தாளை முன்கூட்டியே பொட்டலம்போல மடித்து மடியில் வைத்திருப்பது நல்லது. குடித்து முடித்த காகிதக் கோப்பை இருந்தால் இன்னும் வசதி. இருட்டில் இதை யாரும் பார்ப்பதில்லை, கூச்சப்படாதீர்கள். தவறி விழுங்கிவிட்டாலும் பெரியவர்களுக்குப் பயமில்லை, வந்த வழியே போகாது, போக வேண்டிய வழியே போய்விடும்.

தரையில் மட்டும் போடாதீர்கள். அரங்கத்தின் தரை சரிவு. கடைசி வரிசையில் விழுந்த கல் ஒவ்வொரு வரிசையாக உருண்டு இறங்கும் சத்தத்தை அமைதியான காட்சிகளில் நான் வாசலில் நின்றே கேட்டிருக்கிறேன். விளக்கு போட்டதும் துடைப்பத்தோடு உள்ளே போனால் பூவெல்லாம் ஒரே தள்ளில் வந்துவிடும். கல் வராது. இருக்கைக் கால் திருகாணி ஓரம், படியின் உலோகப் பட்டை, பிறகு என் செருப்பின் அடிப்பள்ளம். வீட்டுக்குப் போய் அதைச் சீப்பு முனையால் நோண்டி எடுப்பேன்.

கேள்வி: கல் பரவாயில்லை. அந்த மெல்லிய தோல் பல்லிடுக்கில் மாட்டிக்கொண்டு இரண்டு நாள் உயிரை வாங்குகிறது. – நாக்கு ஓயாதவர்

பதில்: தோல் கரண்டிபோல வளைந்திருப்பதால் ஈறுக்கும் பல்லுக்கும் நடுவே வாகாகச் சொருகிக்கொள்ளும். குண்டூசி, ஹேர்பின், தீக்குச்சி எதுவும் வேண்டாம், இன்னும் ஆழமாகத்தான் போகும். வெதுவெதுப்பான உப்புத் தண்ணீரில் நன்றாகக் கொப்பளித்துவிட்டு, பல்நூலைப் பல்லை ஒட்டி வளைத்து ஈறோரம்வரை இறக்கி மேலே இழுங்கள். இரண்டு மூன்று நாளிலும் வராமல் ஈறு வீங்கினாலோ சீழ் வைத்தாலோ பல் மருத்துவரிடம் போய்விடுங்கள்.

கேள்வி: மிஞ்சிய கல்லை வீட்டுக்குக் கொண்டுபோய்ப் பொரிக்கலாமா? – சிக்கனம்

பதில்: பலிக்காது. ஒருமுறை சூடேறி ஈரத்தை இழந்துவிட்டது, தோலும் விட்டிருக்கும். வீட்டில் வாங்கி வைத்த பச்சை மணி நாள்பட்டுக் காய்ந்து சரியாகப் பொரியவில்லை என்றால் மட்டும் ஒரு வழி உண்டு: ஜாடியில் போட்டு ஒரு தேக்கரண்டி தண்ணீர் தெளித்து, இறுக மூடி, தினமும் குலுக்கி, சில நாள் வையுங்கள். இழந்த ஈரத்தை இழுத்துக்கொள்ளும்.

கேள்வி: நான் மெல்லும் சத்தம் எனக்கே இடிபோலக் கேட்கிறது. பக்கத்தில் இருப்பவருக்கும் அப்படித்தானா? – ஓர இருக்கை

பதில்: இல்லை. உங்கள் சத்தம் உங்கள் தாடை எலும்பு வழியாகவும் உங்கள் காதுக்கு வருகிறது. அவருக்குக் காற்று வழி மட்டும்தான். கல்லைக் கடித்தால் மட்டும் அவருக்கும் கேட்கும், திரும்பியும் பார்ப்பார்.

கேள்வி: இவ்வளவு தெரிந்த நீங்கள் இப்போது படத்துக்குப் போனால் பாப்கார்ன் வாங்குவீர்களா? – சும்மா ஒரு கேள்வி

பதில்: வாங்காமல்? 1893-ல் சிகாகோ கண்காட்சியில் சார்லஸ் கிரெட்டர்ஸ் தன் நீராவி மெஷினை வைத்துப் பொரித்துக் காட்டினாரே, அன்றிலிருந்து அந்த வாசனைக்கு மயங்காதவர் உண்டா? ஆனால் வரிசையில் உடனே போய் நிற்க மாட்டேன். கெட்டில் கவிழும்வரை ஓரமாக நின்றிருப்பேன். கவிழ்ந்ததும் போய், ‘தம்பி, கரண்டியை ஓர் ஆட்டு ஆட்டு’ என்பேன். கூட்டம் இருந்தால் அவன் ஆட்ட மாட்டான். எனக்கு அவன்மேல் கோபம் வராது.

உள்ளே போய் உட்கார்ந்து விரல் அடியைத் தொட்டதும் டப்பாவை மூடிக் காலடியில் வைத்துவிடுவேன். பக்கத்திலிருந்து என் மனைவியின் கை வரும். ‘அடி வந்துடுச்சு, விடு’ என்பேன். ‘ஒண்ணே ஒண்ணு’ என்பாள்.