லண்டனில் முதல் வாரம், ஈரோட்டுக்குப் போகும் வட்டி

கேள்வி:

நான் திருப்பூர்ப் பெண், வயது 23. லண்டனில் ஓராண்டு முதுநிலைப் படிப்புக்கு வந்து எட்டு நாள்தான் ஆகிறது. அப்பா பனியன் கம்பெனியில் சூப்பர்வைசர். வீட்டுப் பத்திரத்தை வைத்து வங்கியில் 30 லட்ச ரூபாய் கல்விக் கடன் வாங்கியிருக்கிறோம், வட்டி 10.5 சதவீதம். விசாவுக்குக் கணக்கில் 28 நாள் பணம் காட்ட வேண்டியிருந்தது. அதற்கு ஈரோட்டில் இருக்கும் தாய்மாமா ரெண்டு வட்டிக்கு (மாதம் நூற்றுக்கு ரெண்டு) 4 லட்சம் கொடுத்தார், அப்பா புரோநோட் எழுதிக் கொடுத்தார். அந்தப் பணம் விசா, டிக்கெட், ரூம் அட்வான்ஸ் என்று கரைந்துவிட்டது. கட்டணம் போக, என் ஓராண்டுச் செலவுக்கு 8,000 பவுண்ட் இருக்கிறது.

நான் இறங்கிய மறுநாளே மாமா போன் செய்தார். "வேலை கெடைச்சிருமில்ல கண்ணு, ஆறு மாசத்துல அசலும் வட்டியுமா அனுப்பிரு" என்றார். சரி என்று சொல்லிவிட்டேன். ஐந்தாம் நாள், அறைத்தோழிக்குத் தெரிந்த ஒருவரிடம் 134 பவுண்ட் கொடுத்தேன். அன்று மாலையே அவருடைய அண்ணன் ஈரோட்டில் மாமாவிடம் 16,000 ரூபாயைக் கொடுத்துவிட்டார். ரெண்டு மாத வட்டி முடிந்தது.

பஸ்ஸுக்குக் காசு கொடுக்காமல் ஈஸ்ட் ஹாமிலிருந்து கல்லூரிக்கு ஒரு மணி நேரம் நடக்கிறேன். ரொட்டியும் பிஸ்கட்டும்தான் சாப்பாடு. அறிமுக வகுப்புகளுக்குப் போகாமல் கடை கடையாக வேலை கேட்டு அலைந்தேன். ஒரு கடையில் மணிக்கு 7 பவுண்ட், கையில் பணம், வாரம் 40 மணி நேரம் தருகிறார்கள். சேரலாமா? குளிருக்கான கோட் ஒன்றை மூன்று தவணையில் வாங்கலாமா? தினமும் 2 பவுண்ட் அமெரிக்கப் பங்குகளில் போடும் செயலியில் சேரச் சொல்கிறார்கள், சேரலாமா? அம்மாவிடம் என் கல்யாணத்துக்கு என்று 10 பவுன் நகை இருக்கிறது. அதைத் தொட அம்மா விடமாட்டார்.

பதில்:

முதலில், இன்று ராத்திரி சோறு வடித்துச் சாப்பிடுங்கள். ஈஸ்ட் ஹாமில் இருக்கிறீர்கள், ஹை ஸ்ட்ரீட் நார்த்தில் அரிசியும் பருப்பும் தமிழ்க் கடையிலேயே கிடைக்கும். நாளை காலை பஸ்ஸில் போங்கள். ஒரு தடவை கட்டணம் (2025-இல் 1.75 பவுண்ட்) கொடுத்தால் ஒரு மணி நேரத்துக்குள் எத்தனை பஸ் வேண்டுமானாலும் மாறலாம். மாணவருக்கான ஆய்ஸ்டர் என்ற பயண அட்டை வாங்கினால் வார, மாத பாஸில் 30 சதவீதம் குறையும். நீங்கள் விலையை எல்லாம் ரூபாயில் மாற்றிப் பார்த்துப் பயப்படுகிறீர்கள் என்று தெரிகிறது. எல்லோரும் முதல் வாரத்தில் செய்வதுதான், அது தானாகப் போய்விடும். உங்கள் கணக்கு உதைப்பது வேறு இடத்தில்.

நீங்கள் மாமாவுக்குக் கொடுத்த அந்த 134 பவுண்ட் யாருடைய பணம்? வங்கியில் 10.5 சதவீதத்துக்கு, வீட்டை வைத்து வாங்கியது. அதை எடுத்து, ஆண்டுக்கு 24 சதவீதம் ஆகும் மாமா கடனுக்கு வட்டி கட்டியிருக்கிறீர்கள். அசலில் ஒரு ரூபாய்கூடக் குறையவில்லை. கடன் வாங்கி வட்டி கட்டுவது ஒரு முறை நடந்தால் அவசரம், மாதாமாதம் நடந்தால் பழக்கம். வேலையே கிடைக்காத முதல் வாரத்தில் அது தொடங்கியிருக்கிறது. நீங்கள் சாப்பிடாததும், நடப்பதும், வகுப்பை விட்டதும், 7 பவுண்ட் கடையைப் பற்றி யோசிப்பதும் இந்த ஒன்றிலிருந்துதான் வருகின்றன.

பவுண்ட் 120 ரூபாய் என்று வைத்துக் கணக்குப் போடுகிறேன். ஒரு அறையை இன்னொருவரோடு பகிர்ந்தால் வாடகை 500, சாப்பாடு 180, பஸ் 110, போன் 10, மற்றவை 100. ஆக மாதம் 900 பவுண்ட். கையில் இருக்கும் 8,000 பவுண்டைப் பன்னிரண்டு மாதத்துக்குப் பிரித்தால் மாதம் 667. துண்டு விழுவது 233 பவுண்ட். 21 வயதைக் கடந்தவருக்கு 2025 ஏப்ரலில் நிர்ணயித்த குறைந்தபட்சக் கூலி மணிக்கு 12.21 பவுண்ட். அந்தக் கூலியில் மாதம் 19 மணி நேரம், அதாவது வாரம் ஐந்து மணி நேரத்துக்கும் குறைவாக வேலை பார்த்தால் போதும். மாமா கணக்கைத் தவிர்த்துப் பார்த்தால் உங்கள் நிலைமை இவ்வளவுதான்.

இப்போது மாமாவைச் சேருங்கள். 4 லட்சத்தை ஆறு மாதத்தில் அடைக்க மாதம் சுமார் 67,000, வட்டி 8,000, ஆக 75,000 ரூபாய். பவுண்டில் 625. துண்டு விழுந்த 233-ஐயும் சேர்த்தால் மாதம் 858 பவுண்ட் சம்பாதிக்க வேண்டும். அதற்கு 70 மணி நேர வேலை, வாரத்துக்குப் பதினாறு, பதினேழு மணி நேரம். அதுவும் முதல் வாரத்திலிருந்து, தேர்வு, காய்ச்சல் எதற்கும் லீவு போடாமல். முறையான வேலை கிடைக்கவே ஒன்றிரண்டு மாதம் பிடிக்கும் ஊரில் இது நடக்காது. நடக்காத ஒன்றுக்குச் சரி என்று சொல்லிவிட்டீர்கள்.

மாமா கெட்டவர் இல்லை. வேறு யாரும் தராதபோது கொடுத்தவர். அதனால்தான் அவருக்குத் தவணை தவணையாக, சாக்குச் சொல்லிக் கொடுக்கக் கூடாது என்கிறேன். முழுப் பணத்தையும் ஒரே நாளில் கொடுத்து, புரோநோட்டைக் கையில் வாங்கிவிட வேண்டும். அதற்கு வழி உங்கள் கடிதத்தின் கடைசி வரியில் இருக்கிறது.

அம்மாவின் நகையை விற்கச் சொல்லவில்லை. தேசிய வங்கியிலோ கூட்டுறவு வங்கியிலோ அப்பா, அம்மா பெயரில் நகைக்கடன் வையுங்கள். 9.5 சதவீதம் என்று வைத்துக்கொண்டால் 4 லட்சத்துக்கு ஆண்டு வட்டி 38,000 ரூபாய். மாமாவுக்கு ஆண்டுக்கு 96,000. மிச்சம் 58,000 ரூபாய், ஏறக்குறைய 480 பவுண்ட். நீங்கள் பாதி மாதம் சாப்பிட்டு, தங்கி, பயணம் செய்யும் செலவு அது. இன்றைய தங்க விலையில் பத்துப் பவுனும் தேவைப்படாது. ஏழெட்டுப் பவுன் போதும். வங்கி தரச் சம்மதிக்கும் உச்சத் தொகையை வாங்காதீர்கள், தங்கம் விலை இறங்கினாலும் பயமில்லாமல் இருக்கலாம். தெருமுனை அடகுக் கடைக்குப் போனால் மறுபடி ரெண்டு வட்டிதான், அங்கே போகவே வேண்டாம்.

மாதம் 3,200 ரூபாய் அளவுக்கு வரும் அந்த வட்டியை அப்பா தன் சம்பளத்திலிருந்து எடுத்து வைக்கட்டும். எட்டாயிரம் அவருக்கு மலை, மூவாயிரம் சமாளிக்கக்கூடியது. ஆண்டு முடிவில் வட்டியைக் கட்டி மாற்றி வைக்கலாம். நீங்கள் படிப்பை முடித்து முழுநேர வேலைக்குப் போன பிறகு முதலில் மீட்பது அந்த நகையாக இருக்கட்டும்.

அம்மாவுக்கு இது வலிக்கும். பெண்ணின் கல்யாண நகையை வங்கியில் வைப்பதா என்று கேட்பார். வீடே ஏற்கெனவே வங்கியில் இருக்கிறது என்பதை அவருக்கு மெதுவாக எடுத்துச் சொல்லுங்கள். நகை வங்கிப் பெட்டகத்தில் பத்திரமாக இருந்து திரும்பி வரும். நீங்கள் விசாவை இழந்து பாதியில் திரும்பினால் வீட்டை மீட்க முடியாது. அப்படியும் அவர் மனம் ஒப்பவில்லை என்றால், அப்பா நேரில் ஈரோடு போய் மாமாவிடம் பேசட்டும்: ஒரு வட்டியாகக் குறைக்கவும், அசலைப் படிப்பு முடிந்தபின் வாங்கிக்கொள்ளவும் கேட்கலாம். அது இரண்டாம் பட்சம்தான். எதுவானாலும் பேச வேண்டியவர் அப்பா. புரோநோட்டில் கையெழுத்துப் போட்டவர் அவர். மாமா இனி உங்களுக்குப் போன் செய்தால் "அப்பாகிட்டப் பேசிக்கோங்க மாமா" என்று மட்டும் சொல்லுங்கள்.

அடுத்து அந்தக் கடை. வேண்டாம். காரணத்தையும் கணக்காகவே சொல்கிறேன். 40 மணி நேரத்துக்கு 7 பவுண்ட் வீதம் 280. மாணவர் விசாவில் சட்டப்படி வாரத்துக்கு அனுமதித்த 20 மணி நேரத்துக்கு 12.21 வீதம் 244. கூடுதலாக 20 மணி நேரம் உழைத்து நீங்கள் பெறப்போவது 36 பவுண்ட், மணிக்கு 1.80. அதற்கு ஈடாக நீங்கள் வைப்பது விசாவை, அதன் பின்னால் நிற்கும் 34 லட்ச ரூபாயை. 20 மணி நேரம் என்பது திங்கள் முதல் ஞாயிறு வரையான ஒவ்வொரு வாரத்துக்கும் உள்ள வரம்பு. இந்த வாரம் பத்து, அடுத்த வாரம் முப்பது என்று சராசரி போட முடியாது. இன்னொன்றையும் பலர் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள்: கோடையில் முழுநேரம் பார்க்கலாம் என்பது பெரும்பாலும் இளநிலை மாணவருக்குத்தான். முதுநிலையில் நீங்கள் ஆய்வேடு எழுதும் கோடையும் படிப்புக் காலம்தான், அப்போதும் 20 மணி நேரம்தான்.

அறைத்தோழிகள் அடுத்து சைக்கிளில் உணவு டெலிவரி செய்யும் யோசனையைச் சொல்வார்கள், வேறொருவர் கணக்கை வாடகைக்கு எடுத்துத் தருவதாகவும் சொல்வார்கள். மாணவர் விசாவில் சுயதொழில் கூடாது, அந்த டெலிவரி வேலை சுயதொழிலாகத்தான் கருதப்படுகிறது. முதலில் பல்கலைக்கழகத்தின் சொந்த வேலை வாய்ப்புப் பிரிவில் பெயர் கொடுங்கள். நூலகம், கேண்டீன், பல்கலைக்கழகத்தைப் பார்க்க வருபவர்களுக்கு வழிகாட்டுவது போன்ற வேலைகள் அங்கே வரும், நேர வரம்பும் அவர்களுக்கே தெரியும். வேலை பார்ப்பவர்களுக்கு அரசு தரும் நேஷனல் இன்சூரன்ஸ் எண் வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை. விண்ணப்பித்துவிட்டு, இணையத்தில் இருக்கும் உங்கள் இ-விசாவிலிருந்து எடுக்கும், வேலை செய்யும் உரிமையைக் காட்டும் 'ஷேர் கோட்' குறியீட்டைக் கொடுத்து வேலையைத் தொடங்கலாம்.

நீங்கள் பணம் அனுப்பிய வழியைப் படித்தபோதுதான் எனக்கு உண்மையிலேயே கவலை வந்தது. இங்கே பவுண்ட், அங்கே ரூபாய், வங்கி நடுவில் இல்லை. அதற்குப் பெயர் ஹவாலா. தெரியாமல் செய்தீர்கள், இனி ஒருபோதும் வேண்டாம். 1999-ஆம் ஆண்டின் ஃபெமா என்ற இந்திய அந்நியச் செலாவணிச் சட்டப்படி அதை வாங்கிய மாமாவும் சிக்கலில் மாட்டலாம். இதே ஆட்கள் ஒருநாள், "உன் கணக்குக்கு ஆயிரம் பவுண்ட் வரும், ஐம்பதை வைத்துக்கொண்டு மீதியை மாற்றிவிடு" என்று கேட்பார்கள். புதிதாக வந்த மாணவர்களைத்தான் தேடிப் பிடிக்கிறார்கள். அது பிறருடைய மோசடிப் பணமாக இருக்கும். சிக்கினால் வங்கிக் கணக்கை மூடுவார்கள், மோசடிப் பதிவு ஆறு ஆண்டு வரை நிற்கும், பிரிட்டனில் 14 ஆண்டு வரை சிறைக்கும் சட்டத்தில் இடம் இருக்கிறது. உங்கள் கார்டையோ செயலியையோ அறைத்தோழிக்குக்கூடக் கொடுக்காதீர்கள்.

குளிருக்கான கோட் ரொக்கமாகவே வாங்குங்கள். லண்டனில் தர்ம அமைப்புகள் நடத்தும் பழைய துணிக்கடைகள் எல்லா வட்டாரத்திலும் உண்டு, நல்ல கம்பளிக் கோட் குறைந்த விலைக்கு அங்கே கிடைக்கும். வட்டியில்லாத மூன்று தவணை என்பது முதல் பொருளுக்குச் சுகமாக இருக்கும். நான்காவது பொருள் வாங்கும்போது எந்தத் தவணை என்றைக்கு என்பதே மறந்துபோகும்.

அமெரிக்கப் பங்குச் செயலிக்கு என் பதில் ஒரே வரிதான். 24 சதவீதக் கடன் வைத்திருப்பவருக்கு அந்தக் கடனை அடைப்பதைவிட நிச்சயமான லாபம் தரும் முதலீடு எதுவும் இல்லை, இலவசமாக ஒரு பங்கு தருகிறோம் என்று யார் அழைத்தாலும் சரி.

செலவுப் பணம் 8,000-ஐயும் ஒரே தடவையில் வங்கியிலிருந்து எடுத்துவிட்டீர்களா என்று எழுதவில்லை. எடுக்கவில்லை என்றால், மூன்று மாதத்துக்கு ஒருமுறை தேவைக்கேற்ப விடுவிக்கச் சொல்லி அப்பாவை வங்கியில் கேட்கச் சொல்லுங்கள். எடுக்காத பணத்துக்கு வட்டி ஓடாது.

ஞாயிற்றுக்கிழமை அப்பாவுக்கு விடுமுறை. அன்று அம்மாவையும் பக்கத்தில் உட்காரச் சொல்லி, இந்தக் கணக்கை வீடியோ அழைப்பில் காட்டுங்கள். அதற்கு முன், தவறவிட்ட அறிமுக வகுப்புகளைப் பற்றி உங்கள் துறைக்கு நாளை காலையே மின்னஞ்சல் அனுப்புங்கள். பதிவும் அடையாளச் சரிபார்ப்பும் முடிந்துவிட்டதா என்று அதிலேயே கேட்டுவிடுங்கள். அது முடியவில்லை என்றால், மாணவராக உங்களை விசாவில் வைத்திருப்பது பற்றியே கேள்வி வரும்.